சிறுவரோடு சிங்கப்பூர் சென்றோம்

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சிட்னியில் தமிழ்ப் பாடசாலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். காரின் பின்னிருக்கையில் எட்டு வயது மகள் தனது சொல்வதெழுதல் கொப்பியை மடியில் விரித்தபடி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பத்துச் சொற்களில் ஆறு பிழை. அவற்றுள் ஒன்று ‘சிங்கப்பூர்’. அதனை அவள் ‘சிங்கபூர்’ என்று எழுதியிருந்தாள். விடுபட்ட ஒற்றை ஆசிரியை சிவப்பு மையால் எழுதி வட்டமிட்டிருந்தார்.

“இந்த ‘ப்’ இல்லாட்டி என்னப்பா? தமிழ் வகுப்பைத் தவிர வேற எங்கயாவது ஆரும் இதைப் பாக்கிறவையே?” என்று கேட்டாள்.

ஒற்று மிகும் இடங்களைப் பற்றி நான் விளக்கத் தொடங்கினேன். அவள் சாளரத்தின் வழியே வெளியே பார்க்கத் தொடங்கினாள். அவள் கேட்டது இலக்கணம் அன்று என்பது வீட்டு வாசலுக்கு வந்தபின்னரே எனக்குப் புரிந்தது. தான் சனிக்கிழமைதோறும் விளையாட்டை விட்டுக் கற்கும் மொழிக்கு, எமது வீட்டுக்கும் வகுப்பறைக்கும் வெளியே ஓர் உலகம் உண்டா என்றே அவள் கேட்டிருந்தாள்.

யூலை மாத விடுமுறைக்கு எங்கே செல்வது என்ற ஆலோசனை அப்போது வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அன்றிரவே சிங்கப்பூர் என்று முடிவாயிற்று. சிட்னியிலிருந்து ஏறத்தாழ எட்டு மணி நேரப் பறப்பு. நான்கு வயது மகனின் பொறுமை அதற்குமேல் தாங்காது என்பதும் ஒரு காரணம்.

சிறுவரோடு வெளிநாட்டு நகரொன்றுக்குச் செல்ல எண்ணும் பெற்றோர்க்கு எமது அனுபவம் பயன்படலாம் என்பதனால் ஆயத்தங்களைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். முதலிற் பார்க்க வேண்டியது கடவுச்சீட்டு. பெரியவர்களின் அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். சிறுவர்களுடையது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே. மகன் பிறந்தவுடன் எடுத்த கடவுச்சீட்டு இன்னும் காலாவதியாகவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். சிங்கப்பூருக்குள் நுழைய ஆறு மாத காலமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதை மனைவிதான் நினைவுபடுத்தினார். எண்ணிப் பார்த்தால் நான்கு மாதங்களே மீதமிருந்தன. அதனைப் புதுப்பிக்கும் வேலையுடன் எமது ஆயத்தம் தொடங்கிற்று. மின்வழியே நிரப்பும் வருகை அட்டைக்குக் கட்டணம் ஏதுமில்லை. ஆனால் அதனைப் போய்ச் சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாட்களுக்குள்ளேயே அனுப்ப வேண்டும்.

அடுத்தது தங்குமிடம். நகருக்கு வெளியே மலிவான அறைகள் இருந்தன. எனினும் தள்ளுவண்டியும் பைகளும் உறங்கிவிட்ட பிள்ளையுமாக நாள்தோறும் இருமுறை நெடுந்தூரம் அலைவதை எண்ணி, ‘லிட்டில் இந்தியா’ பெருவிரைவு இரயில் நிலையத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில் ஒரு சிறிய அறையைத் தெரிவு செய்தோம். நிலையத்துக்கு அருகில் இருந்தமையால், பகலில் அறைக்குத் திரும்பிப் பிள்ளைகளை உறங்க வைக்க முடிந்தது. அதன் அருமையைப் பின்னரே உணர்ந்தோம்.

நண்பர்களின் ஆலோசனைக்கும் குறைவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அங்கு சென்று வந்த ஒருவர், ஜூரோங் பறவைப் பூங்காவைத் தவறவிட வேண்டாம் என்று வற்புறுத்தினார். 1971இல் திறக்கப்பட்ட அப்பூங்கா 2023 சனவரியில் மூடப்பட்டு, பறவைகள் மண்டாய்ப் பகுதியில் அதே ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட ‘பேர்ட் பாரடைஸ்’ பூங்காவுக்கு மாற்றப்பட்டுவிட்டன. நகரங்கள் எம்மைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. ஆகவே எவர் எதைச் சொன்னாலும் புறப்படுமுன் ஒருமுறை சரிபார்ப்பது நன்று.

இவற்றையெல்லாம் செய்து முடித்தபின் நான் ஒரு நேரசூசி தயாரித்தேன். காலை ஏழு மணி தொடக்கம் இரவு பத்து மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். நிறப் பேனாக்களாற் கோடுகள் வேறு. பார்த்த மனைவி, “இதுக்குள்ள பிள்ளையள் எப்ப சாப்பிடுறது?” என்று மட்டும் கேட்டார். மதியம் ஒன்று முதல் ஒன்றரை வரை என்று சுட்டிக்காட்டினேன். அவர் மறுமொழி கூறவில்லை.

அவர் செய்த ஆயத்தங்கள் வேறுவிதமானவை. பிள்ளைகள் இருவருக்கும் தொலைவிலும் தெரியும் சிவப்புச் சட்டைகள் வாங்கினார். எமது தொலைபேசி இலக்கம் எழுதிய கைப்பட்டிகள் செய்தார். இவற்றிலும் மேலாக, ஒரு மாத காலம் உறங்கப் போகுமுன் மகனுக்கு ஒரு பாடம் நடந்தது. “அம்மா அப்பாவைக் காணாட்டி என்ன செய்வீர்?” “நிண்ட இடத்திலயே நிப்பன்.” “தேடிக்கொண்டு ஓடுவீரோ?” “ஓட மாட்டன்.” “உம்மட பேர் என்ன? அப்பான்ர பேர் என்ன?” என்று அது நீளும். நான் அதனைக் கதவருகில் நின்று கேட்டுச் சிரித்ததுண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூர் சென்றடைந்தோம். திங்கட்கிழமை என் நேரசூசி அரங்கேறிற்று. காலையில் மெர்லயன் சிலை, பின்னர் ஆற்றில் படகு, மதியம் நூதனசாலை, மாலை கடலோரப் பூந்தோட்டம், இரவு ‘நைட் சபாரி’ என்பது ஒழுங்கு. 1994இல் திறக்கப்பட்ட அவ்விரவு விலங்ககம், உலகில் அவ்வகையில் முதலாவது ஆகும். அதனை எப்படியும் காட்டிவிட வேண்டும் என்பது என் ஆவல்.

நான் கணக்கில் எடுக்காதவை இரண்டு. ஒன்று வெயில். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்று அதிகமான தொலைவிலேயே அந்நகர் அமைந்துள்ளது. சிட்னியின் மாரிக் குளிரிலிருந்து வந்த பிள்ளைகள் பதினொரு மணிக்கே துவண்டுவிட்டனர். இரயிலில் ஏறியதும் மகன் தண்ணீர் கேட்டான். அங்கே இரயிலுக்குள் உண்பதும் பருகுவதும் தடை. மீறினால் 500 வெள்ளி வரை தண்டம். (சிங்கப்பூர்த் தமிழர் டாலரை வெள்ளி என்பர்.) போத்தல் கையிலிருந்தும் கொடுக்க முடியாமல் நாம் விழிக்க, அவன் அழத் தொடங்கினான். நிலையத்துக்குள் நுழையுமுன்னரே பருகக் கொடுத்திருக்க வேண்டும்.

மற்றையது கடிகாரம். சிட்னியிலும் பார்க்கச் சிங்கப்பூர் அம்மாதத்தில் இரண்டு மணி நேரம் பின்தங்கியிருக்கும். விலங்ககத்தில் வண்டிகள் புறப்படும் மாலை ஏழேகால் மணி, எம் பிள்ளைகளின் உடலுக்கு இரவு ஒன்பதேகால் மணி. வண்டியில் அமர்ந்த மறுகணமே மகன் என் மடியில் உறங்கிப்போனான். மகள் சற்று நேரம் போராடித் தாயின் தோளில் சாய்ந்தாள். நுழைவுச்சீட்டுகளின் விலையை நினைத்தபடி, சிங்கங்களையும் காண்டாமிருகங்களையும் நானே தனியாகப் பார்த்து முடித்தேன்.

மறுநாள் அதிகாலை நாலு மணிக்குப் பிள்ளைகள் இருவரும் உற்சாகமாக எழுந்து கட்டிலில் குதிக்கத் தொடங்கினர். சிட்னியில் அப்போது காலை ஆறு மணி அல்லவா! மனைவி என் நேரசூசியை எடுத்து நான்காக மடித்துப் பயணப் பெட்டியின் அடியில் வைத்தார். “இனிக் காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. நடுவில நித்திரை” என்றார். நான் எதிர்வாதம் செய்யும் நிலையில் இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. தாவரவியற் பூங்கா காலை ஐந்து மணிக்கே திறக்கும் என்பதனால், நாலு மணிக்கு விழித்த பிள்ளைகளுக்கு அதனிலும் பொருத்தமான இடம் வேறில்லை. அறையிலிருந்து நிலையத்துக்கு நடக்கையில், கட்டட வேலை நடக்கும் இடமொன்றின் தடுப்பு வேலியருகே மகள் நின்றாள். ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய மொழிகளுக்குப் பக்கத்திலே தமிழிலும் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. “அ…பா…யம்” என்று எழுத்துக் கூட்டி வாசித்தாள். பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சற்றுத் தள்ளி நின்றாள். பின்னர், “இஞ்ச ஏன் தமிழ் எழுதியிருக்கு?” என்றாள்.

அக்கேள்விக்கு அன்று விடை சொல்ல வாய்ப்பான இடத்துக்கே நாம் சென்றுகொண்டிருந்தோம். 1859இல் தோன்றிய அத்தாவரவியற் பூங்கா 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாயிற்று. அங்குள்ள மரநிழலில் நடந்தபடியே மகளுக்குக் கதை சொன்னேன். 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 இறப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையை இங்கே வகுத்தார். பின்னர் மலாயா எங்கும் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் பெருந்தொகையாகக் கப்பலேறினர். எங்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பகுதி ஊழியர்களாகவும் பலர் சென்றனர். அவ்வாறு 1915இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வளர்ந்த எஸ். இராசரத்தினம், 1965இல் சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சரானார். இறப்பருக்கு முன்னரும் வணிகராகவும் கட்டடத் தொழிலாளராகவும் தமிழர் அங்கு வாழ்ந்தனர். சவுத் பிரிட்ஜ் வீதியிலுள்ள மாரியம்மன் கோயில் 1827 முதல் நிலைத்திருப்பது. இவ்வாறு வந்து, உழைத்து, அங்கேயே நிலைகொண்டவர்களின் மொழியாதலால், தமிழ் இன்று அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்குகிறது.

இவ்விடத்தில் மகன் வீரிட்டான். குளக்கரையில் ஓர் உடும்பு, என் கையளவு பருமனில், நாக்கை நீட்டியபடி நடந்து சென்றது. ரிட்லியின் கதை அத்துடன் முடிவுற்றது. அரை மணி நேரம் பிள்ளைகள் அவ்வுடும்பைப் பின்தொடர்ந்தனர். முதல் நாள் கட்டணம் செலுத்திக் காட்ட முயன்ற சிங்கங்கள் தராத மகிழ்ச்சியை அந்த உடும்பு இலவசமாகத் தந்தது.

எட்டு மணிக்குச் சிறுவர் தோட்டம் திறந்தது. திங்கட்கிழமைகளில் அது மூடப்பட்டிருக்கும் என்பதைச் செல்ல விரும்புவோர் கவனிக்க. அங்கே ஒரு வேடிக்கையான விதி உண்டு. பிள்ளையோடு வராத பெரியவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. இதனை மகனுக்கு விளக்கியபோது, அவன் என் கையைப் பற்றிக்கொண்டு வாயிலிலிருந்த பணியாளரை நிமிர்ந்து பார்த்தான். “நான்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தனான்” என்றான். அப்பொறுப்பை அவன் அன்றோடு விட்டுவிடவில்லை என்பது மறுநாள் தெரியவந்தது.

புதன்கிழமை பின்னேரம் மழை விட்டபின் சிராங்கூன் வீதிப் பக்கம் உலாவச் சென்றோம். கடைகளின் முன்னால் மல்லிகையும் சாமந்தியும் குவிந்திருந்தன. அன்றைய இரவுணவுக்கு எங்கே செல்வது என்று நான் கைத்தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மகளும் மனைவியும் நின்றனர், மகனைக் காணவில்லை.

பிள்ளையைக் கூட்டத்தில் தவறவிட்ட பெற்றோர்க்கு அந்நிமிடங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தெரு நெடுகிலும் மனிதர். அத்தனை பேருக்கும் நடுவே மூன்றரை அடி உயரமுள்ள ஒருவன். மனைவி வந்த வழியே விரைந்தார். நான் ஒரு கையால் மகளைப் பிடித்தபடி மறுகையால் காலையில் எடுத்த படத்தைக் கடைக்காரர்களிடம் காட்ட முயன்றேன். கை நடுங்கியதில் திரை திறக்கவில்லை. வாயிலிருந்து தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை.

அப்போது எனக்கு முன்னால் ஒரு குரல் கேட்டது. “என்ர தம்பியைக் கண்டனீங்களே? சிவப்புச் சட்டை. சின்னப் பெடியன்.” மகள் என் கையை இழுத்துக்கொண்டு கடை கடையாகக் கேட்டுக்கொண்டு போனாள். வீட்டிலே நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் மறுமொழி கூறும் பிள்ளை. அயலவர் முன்னிலையில் வாய் திறக்க வெட்கப்படும் பிள்ளை. அவளது யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு முதற்கடைக்காரர் ஒரு கணம் விழித்தார். பின்னர் விளங்கிக்கொண்டு, “முன்னாடி போய்ப் பாரும்மா” என்றார். அடுத்தவர் எழுந்து வெளியே வந்து தாமும் பார்த்தார். மூன்றாமவர் தெருவின் எதிர்ப்புறத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

அங்கே ஒரு பூக்கடை வாசலில், சிறிய முக்காலி ஒன்றின்மேல் மகன் அமர்ந்திருந்தான். பூக்கட்டும் மூதாட்டியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பூக்கட்டுவதைப் பார்க்க நின்றிருக்கிறான்; நாம் நடந்து சென்றுவிட்டோம். தாய் சொல்லிக் கொடுத்தபடியே நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அம்மூதாட்டி தமிழில் பெயர் கேட்டபோது தன் பெயரும் என் பெயரும் சொல்லியிருக்கிறான். கைப்பட்டியிலிருந்த இலக்கத்தை அவருடைய பேரன் அழைக்கத் தொடங்கிய வேளையில் நாம் போய்ச் சேர்ந்தோம்.

அம்மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதான் தொலைஞ்சுபோன அப்பாவா?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சிரித்தபடி விளக்கினார். ஏனப்பா தனியாக நிற்கிறாய் என்று கேட்டதற்கு, “எங்கட அப்பா துலைஞ்சு போட்டார், வருவார்” என்று மகன் சொன்னானாம். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தனர். மூச்சிரைக்க வந்து சேர்ந்த மனைவி சிரிக்கவில்லை. மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கையிலிருந்த கைத்தொலைபேசியை ஒருமுறை பார்த்தார். அது போதுமாயிருந்தது. அவன் சொன்னதிலும் தவறில்லை. அந்தத் தெருவில் நின்ற இடம் தெரியாமற் போனவன் நானே.

நன்றி சொல்லும் வகை தெரியாமல் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். ஐந்து வெள்ளித் தாளைக் கொடுத்தபோது மீதியாகச் சில நாணயங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றை மகளிடம் கொடுத்தேன். நடுவே வெண்மையும் ஓரத்தில் பொன்னிறமுமான ஒரு வெள்ளி நாணயம் அது. ஒரு பக்கத்தில் மெர்லயன். மறுபக்கத்தில் அரசு முத்திரை. அதனைச் சுற்றி நாட்டின் பெயர் நான்கு மொழிகளில். அவள் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பு விளக்கின் அருகே சென்று கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

“அப்பா! இதில ‘ப்’ இருக்கு.”

“எங்கே?”

“சி…ங்…க…ப்…பூ…ர். ரீச்சர் எழுதினது போலவே இருக்கு.”

நான் ஏதும் சொல்லவில்லை. வைகாசி மாதத்தில் காரில் அவள் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருந்தது. அவளுக்கும் நினைவிருந்திருக்க வேண்டும். ஏனெனில் அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்நாணயத்தைக் கைக்குள் மூடியே வைத்திருந்தாள். அதனைக் கொடுத்து ஐஸ்கிறீம் வாங்கலாமா என்று தம்பி கேட்டபோது, வேறு நாணயம் தரும்படி என்னிடம் கேட்டாள்.

வியாழக்கிழமை காலை பறவைகளைப் பார்த்தோம், மதியம் உறங்கினோம், மாலையில் மீண்டும் அப்பூக்கடைக்குச் சென்று வணக்கம் சொன்னோம். வெள்ளிக்கிழமை ஊர் திரும்பினோம். என் நேரசூசியில் இருந்த பதினெட்டு இடங்களுள் நாம் பார்த்தவை ஏழு. பாராமல் விட்ட பதினொன்றைப் பற்றி இன்றுவரை பிள்ளைகள் ஒருவரும் கேட்கவில்லை. உடும்பைப் பற்றியும் பூக்கடைப் பாட்டியைப் பற்றியும் வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் சொல்கின்றனர்.

மாணவச் செல்வங்களே, அப்பயணத்தின் பின் மகள் சனிக்கிழமைகளில் துள்ளிக் குதித்து எழுகிறாள் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அது உண்மையுமன்று. இன்றும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். ஆனால் “இதை ஆர் பாக்கிறவை?” என்று அதன்பின் கேட்டதில்லை. அந்நாணயம் அவளது பென்சிற் பெட்டியில் இருக்கிறது. பெற்றோரே, பிள்ளைகளோடு நகரம் பார்க்கப் புறப்படும்போது கடவுச்சீட்டையும் கைப்பட்டியையும் மறவாதீர்கள். நாளொன்றுக்கு ஒரு காலை, ஒரு மாலை போதும். பூக்கட்டுபவரைப் பார்க்க ஒரு பிள்ளை நின்றால், நாமும் நின்று பார்ப்போம். இதனை நான் கற்றுக்கொண்ட விதம் மற்றவர்க்கு வேண்டாம்.

இவ்வாண்டு விடுமுறைக்குக் கோலாலம்பூர் செல்ல எண்ணியிருக்கிறோம். நேரசூசி எழுதும் பொறுப்பை என்னிடமிருந்து மகள் பறித்துக்கொண்டாள். ஒரே தாள், நாளுக்கு இரண்டு வரி, ஒவ்வொரு நாளின் நடுவிலும் ‘நித்திரை’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கடைசி வரியில், ‘அப்பாவின் கையை தம்பி பிடிக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறாள். அதில் ‘கையை’ என்பதன் பின் ஒரு ஒற்று விடுபட்டுள்ளது. நான் திருத்தவில்லை, ஆசிரியையிடம் காட்டுவதாக அவளே சொல்லியிருக்கிறாள்.